வெங்காயம் விளையும் பாறை: மாலியின் டோகோன் ஊர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோகோன் என்ற பெயர் தமிழில் காதில் விழும்போதெல்லாம் பின்னாலேயே வேற்றுக்கிரகவாசிகளும் வந்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்கப் பழங்குடி, கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம், வானத்திலிருந்து இறங்கிய நீர்த் தேவர்கள் என்று ஒரு காணொளிக்கு வேண்டிய சரக்கெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நட்சத்திரக் கதை உண்மையா என்ற கேள்விக்கும் கீழே பதில் உண்டு. அதற்கு முன்னால் தண்ணீர், கம்பு, வெங்காயம் இவற்றைப் பேசிவிடலாம். என்னைக் கேட்டால் ஆச்சரியம் அங்கேதான் இருக்கிறது.

டோகோன் நாடு எங்கே இருக்கிறது? அது தனி நாடா?

தனி நாடு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், கடலையே தொடாத மாலி நாட்டின் நடுப்பகுதியில் டோகோன் மக்கள் வாழும் நிலப்பரப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நைஜர் ஆறும் பானி ஆறும் சேரும் இடத்தில் மோப்தி என்ற படகுத்துறை நகரம் உண்டு. அங்கிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் பண்டியாகரா. இன்னும் கொஞ்சம் போனால் சங்கா என்ற ஊர்த்தொகுப்பு வரும். அதுவரை காலடியில் இருந்த பாறைத் தரை அங்கே திடீரென்று முடிந்து, செங்குத்தாக விழுகிறது. பண்டியாகரா பாறைச் சரிவு என்பது இதுதான். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 500 மீட்டர் உயரம் வரை போகும்.

நிலம் மூன்று தட்டாக இருக்கிறது. மேலே மணற்கல் பீடபூமி. பெரும்பாலும் மொட்டைப் பாறை. நடுவில் செங்குத்துச் சரிவும் அதன் காலடியில் உருண்டு கிடக்கும் பாறைக் குவியலும். கீழே செனோ என்ற மணல் சமவெளி. அது புர்க்கினா ஃபாசோ எல்லைப் பக்கம் வரை விரிகிறது. 1989ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதற்குள் 289 ஊர்கள் இருந்தன. இடிபாடுகளைச் சேர்க்கவில்லை, ஆட்கள் குடியிருக்கும் ஊர்களையே சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கீழே சமவெளி கிடக்கும்போது ஏன் பாறையில் போய்க் குடியேறினார்கள்?

எல்லோரும் சொல்லும் பதில்: குதிரைப்படை. பல நூற்றாண்டுகளாக இந்தச் சமவெளியில் மோசி, சொங்காய், ஃபுலானி அரசுகளின் குதிரை வீரர்கள் அடிமை பிடிக்கவும் கொள்ளையடிக்கவும் வந்து போனார்கள். உருண்டு கிடக்கும் பாறைகளின் மேல் குதிரை ஏறாது. மேலேயிருந்து பார்த்தால் வருகிறவர்களின் புழுதி தூரத்திலேயே தெரியும்.

இது சரிதான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி தண்ணீர். பீடபூமியில் பெய்யும் மழை மணற்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, சரிவின் அடிவாரத்தில் ஊற்றாகக் கசிகிறது. செனோ சமவெளியிலோ மணலுக்கடியில் நீர்மட்டம் எங்கேயோ ஆழத்தில் கிடக்கும். அங்கே கிணறு தோண்டுவது பல பத்து மீட்டர் வேலை. ஆக, சரிவின் காலடிதான் ஆண்டு முழுக்கக் குடிநீர் கிடைக்கும் இடம். வீட்டைப் பாறைக் குவியலின் மேல் கட்டிவிட்டால், உழக்கூடிய மண் ஒரு சாண் கூட வீணாகாது என்ற கணக்கும் இதில் உண்டு.

பயம் போனதும் என்ன நடந்தது என்று பாருங்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் குதிரைக் கொள்ளை நின்றபின் நிறையப் பேர் கீழே இறங்கினார்கள். தெலி என்ற ஊரில் பழைய வீடுகளும் குதிர்களும் சரிவில் அப்படியே நிற்கின்றன, ஆட்கள் சமவெளியில் இருக்கிறார்கள். ஆனால் சங்காவைச் சுற்றியுள்ள பனானி, இரெலி, திரெலி போன்ற ஊர்கள் பாறையின் காலடியை விடவில்லை.

டோகோன்களுக்கு முன்னால் அங்கே யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள். சரிவில் எட்டாத உயரத்தில் பொந்துக் குகைகள் தெரியும். அவற்றுக்குள் மண்ணைக் கயிறு போல் உருட்டிச் சுற்றிச் சுற்றி வைத்துக் கட்டிய குதிர்கள் சில கிடைத்தன. அவை கிமு 3, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கட்டியவர்களுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் தொலோய். அவர்களுக்கு அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. பிறகு, ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை தெல்லம் என்ற மக்கள். தெல்லம் என்றால் டோகோன் மொழியில் 'எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள்' என்று பொருள். அவர்கள் தங்களை என்ன பெயரில் அழைத்துக்கொண்டார்களோ, அந்தப் பெயர் மிஞ்சவில்லை.

தெல்லம் மக்கள் குகைகளைத் தானியம் சேர்க்கவும் இறந்தவர்களை வைக்கவும் பயன்படுத்தினார்கள். 1960களிலும் 70களிலும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்தக் குகைகளில் இறங்கித் தேடியபோது பருத்தித் துணிகளும் கம்பளித் துணிகளும் கிடைத்தன. 11, 12ஆம் நூற்றாண்டுத் துணி இற்றுப்போகாமல் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் மிக அபூர்வம். காற்றுப் புகும் உலர்ந்த குகைதான் அதைக் காப்பாற்றியது.

அவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறினார்கள்? பறந்தார்கள் என்று உள்ளூரில் ஒரு கதை. அன்று மழை அதிகம், கொடிகள் பாறை முழுக்கத் தொங்கின, அவற்றைப் பிடித்து ஏறினார்கள் என்று இன்னொன்று. எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கிறது: பெருக்கமரப் பட்டையில் திரித்த கயிறு. பொந்தன்புளி என்று சில ஊர்களில் சொல்வோமே, அந்த மரம்தான். டோகோன்கள் இன்றைக்கும் அதன் பட்டையை உரித்துக் கயிறு திரிக்கிறார்கள். இறந்தவரின் உடலைக் கயிறு கட்டிக் குகைக்கு ஏற்றும் வழக்கமும் அவர்களிடம் உண்டு.

டோகோன்கள் எங்கிருந்து வந்தார்கள்?

தென்மேற்கே, இன்றைய மாலி, கினி எல்லைப் பக்கம் உள்ள மண்டே நாட்டிலிருந்து வந்தோம் என்று அவர்களுடைய வாய்மொழி மரபு சொல்கிறது. வந்த காலத்தை 14, 15ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வைக்கிறார்கள். புறப்படும்போது லெபே என்ற மூதாதையின் எலும்புகளை எடுத்துப்போகலாமென்று குழியைத் தோண்டினார்களாம். உள்ளே எலும்பு இல்லை, உயிரோடு ஒரு பாம்பு இருந்தது. அது அவர்கள் பின்னாலேயே நிலத்துக்கடியில் ஊர்ந்து வந்தது. சரிவின் தென்பகுதியில் கனி என்ற இடத்தில் முதலில் தங்கி, அங்கிருந்து த்யோன், அரு, ஓனோ, தோம்னோ என்ற நான்கு கிளைகளாகப் பிரிந்தார்கள்.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மொழியைப் பார்த்தாலே ஒரே கூட்டமாக ஒரே நாளில் வந்தவர்கள் இல்லை என்று தெரிந்துவிடும். 'டோகோன் மொழி' என்று ஒன்று கிடையாது. ஒன்றோடொன்று புரியாத சுமார் 20 மொழிகள் இருக்கின்றன. பீடபூமியின் வடமேற்கு ஓரத்தில் ஒரு சில ஊர்களில் பேசப்படும் பங்கிமே இன்னும் விசித்திரம். அதைப் பேசுகிறவர்கள் தங்களை டோகோன் என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்த மொழிக்கு டோகோன் மொழிகளோடும் உறவில்லை, வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை.

மொழி எத்தனை இருந்தாலும் முகமன் சொல்லும் முறை ஒன்றுதான், அது நீளமானது. எதிரில் வருகிறவர் நலமா, வீட்டார் நலமா, பிள்ளைகள் நலமா என்று அடுக்கிக் கேட்க, மற்றவர் ஒவ்வொன்றுக்கும் 'செவோ' என்று சொல்லிக்கொண்டே நடப்பார். நலம் என்று பொருள். கேட்டு முடிந்ததும் அவர் கேட்பார், இவர் 'செவோ'. இருவரும் நிற்பதே இல்லை. முதுகு காட்டி வெகுதூரம் போன பிறகும் பதில் வந்துகொண்டிருக்கும்.

அங்கே ஆட்சி செய்தவர்கள் யார்?

பேரரசுகள் சுற்றிலும் எழுந்து விழுந்தன. பாறைக்குள் எதுவும் முழுசாகப் புகவில்லை. மாலி, சொங்காய் பேரரசுகளுக்குப் பின் 1818ல் ஃபுலானிகளின் மசினா அரசு எழுந்தது. 1862ல் எல் ஹஜ் உமர் தால் என்ற இஸ்லாமியப் போர்த்தலைவர் அதை வீழ்த்தினார். இரண்டே ஆண்டில், 1864ல், பண்டியாகராவுக்கு அருகே தெகெம்பெரே குகையில் அவர் இறந்தார். அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் திஜானி தால் டோகோன்களின் துணையோடு திரும்ப எழுந்து, பண்டியாகராவைத் தலைநகராக்கினார். 1893ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். டோகோன் ஊர்கள் எல்லாம் உடனே பணிந்துவிடவில்லை. வடகிழக்கில் தபி மலை ஊர் 1920ல்தான் அடக்கப்பட்டது. 1960 செப்டம்பர் 22ல் மாலி விடுதலை பெற்றது.

மண்ணே இல்லாத இடத்தில் என்ன விளையும்?

கம்புதான் உயிர். சமவெளியின் மணலிலும் பீடபூமியின் பாறை இடுக்கிலும் அதுவே பயிர். கூடவே சோளம், தட்டைப்பயறு, நிலக்கடலை, புளிச்சக்கீரை இனம் ஒன்று, ஃபோனியோ. ஃபோனியோ என்பது மணல் போலப் பொடியான ஒரு சிறுதானியம். டோகோன்கள் அதைப் 'போ' என்பார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், நட்சத்திரக் கதையில் திரும்ப வரும். மழை ஜூனில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரோடு முடிந்துவிடும். ஆண்டுக்கு மொத்தமே 500, 600 மில்லிமீட்டர். அன்றாடச் சாப்பாடு கம்பங்களியும் பெருக்கமர இலையில் வைத்த குழம்பும்.

மழை முடிந்து கம்பு வீட்டுக்கு வந்தபின் தொடங்குவது வெங்காய வேலை. சின்ன வெங்காயம். சங்கா பக்கம் ஓடைகளை மறித்துச் சிறுசிறு அணைகள் கட்டியிருக்கிறார்கள். அணை ஓரத்தில் இருப்பது வெறும் பாறை. அதனால் மண்ணைக் கூடையில் சுமந்து வந்து பாறை மேல் கொட்டுகிறார்கள். சுற்றிலும் கல்லடுக்கி, ஒரு பாய் விரித்த அளவுக்குச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். பிறகு சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு, தினமும், மாதக்கணக்கில் ஊற்றுகிறார்கள். குளிர்காலத்தில் நட்டது பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்கு வரும். சுற்றிலும் எல்லாம் காய்ந்து பழுப்பேறிய மாதங்களில் அந்தப் பாறை மட்டும் பச்சையாக இருக்கும்.

விளைந்ததை எல்லாம் உடனே விற்க முடியாதே? தாளையும் காயையும் பெண்கள் கல்லில் இடித்து, கையால் உருட்டி, பாறை மேல் வெயிலில் காயவைக்கிறார்கள். நம் வெங்காய வடகத்தை நினைத்துக்கொண்டால் போதும். இந்த உருண்டைகள் ஆண்டு முழுக்கக் குழம்புக்கு வாசனை தரும். மோப்தி, தலைநகர் பமாகோ சந்தைகளுக்கும் ஐவரி கோஸ்ட் வரைக்கும் போகும்.

இது ஆதிகாலத்து மரபு என்று நினைத்துவிடாதீர்கள். பணப்பயிராக வெங்காயம் பரவியது 1930களுக்குப் பிறகு, காலனிய அரசு வரி கேட்டுக் காசுப் பயிரைத் தூண்டியபோதுதான். சங்காவின் பெயர்பெற்ற அணை எழக் காரணமாக இருந்தவர் ஒரு பிரெஞ்சு மானிடவியலாளர், மார்செல் கிரியோல். 1956ல் அவர் இறந்தபோது சங்காவில் உருவபொம்மை வைத்து அவருக்கு முறைப்படி ஈமச்சடங்கு செய்தார்கள். உழவன் இறந்தால் அவன் மண்வெட்டியை உடைப்பது வழக்கம். கிரியோலுக்கு ஒரு பென்சிலை உடைத்தார்கள். அவர் கையில் எப்போதும் அதைத்தானே பார்த்திருந்தார்கள்.

படங்களில் கூம்புத் தொப்பி போட்ட சின்ன மண்கோபுரங்கள் தெரிகின்றனவே, அவை கோயில்களா?

குதிர்கள். எலியும் ஈரமும் ஏறாமல் கல் மேல் தூக்கிக் கட்டி, மேலே வைக்கோல் கூரை கவிழ்த்திருப்பார்கள். ஆண் குதிர், பெண் குதிர் என்று இரண்டு வகை. ஆண் குதிரில் குடும்பத்தின் கம்பு. பெண் குதிர் உள்ளே நான்கு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். அதில் அந்தப் பெண்ணின் சொந்தச் சொத்து: அவள் விளைவித்தது, துணி, நகை, காசு. அவளைக் கேட்காமல் கணவன் அதற்குள் பார்க்கக் கூடாது.

இதைச் சொன்னதும் பெண்களுக்கு அங்கே நல்ல நிலை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மாதவிலக்கு நாட்களில் ஊரோரத்து வட்ட வடிவ வீட்டில் போய்த் தங்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. முகமூடிகளின் பக்கம் பெண்கள் வரக்கூடாது என்பது இன்னொரு விதி. யசிகினே என்ற பட்டம் பெற்ற ஒருசில பெண்களுக்கு மட்டும் அதில் விலக்கு.

தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்வான அந்த ஊர்ச்சாவடி ஏன்?

அதன் பெயர் தொகுனா. ஆண்கள் உட்கார்ந்து பேசும், பஞ்சாயத்துத் தீர்க்கும் இடம். பெரும்பாலும் எட்டுத் தூண்கள். எட்டு மூதாதையர்களைக் குறிப்பவை என்பார்கள். மேலே கம்பந்தட்டையை அடுக்கடுக்காகப் போட்டு ஆள் உயரத்துக்கு மொத்தமாக்கியிருப்பார்கள். கூரை மொத்தம், உள்ளே உயரமோ உட்காரத்தான் போதும். கோபத்தில் துள்ளி எழுந்தால் தலையில் இடிக்கும், அதனால் உட்கார்ந்தே பேசியாக வேண்டும் என்று விளக்கம் சொல்கிறார்கள். தட்டை மொத்தமாக இருப்பதால் உச்சிவெயிலிலும் உள்ளே குளிர்ச்சி என்பதும் காரணமாக இருக்கலாம். ஏப்ரல் மாதம் அங்கே 40 டிகிரியைத் தாண்டும்.

ஹோகோன் என்பவர் அரசரா?

இல்லை, பூசாரி என்பதே நெருக்கமான சொல். ஊரில் மூத்தவர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வருவார். அதன்பின் யாரும் அவரைத் தொடக்கூடாது. லெபே பாம்பு இரவில் வந்து அவரை நக்கித் தூய்மை செய்யும் என்று நம்பிக்கை. அரு கிளையின் ஹோகோனுக்கு மற்றவர்களைவிட மதிப்பு அதிகம்.

சரி, நட்சத்திரம்?

வந்துவிட்டோம். கதை இது: வானத்திலேயே பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்துக்கு ஒரு துணை நட்சத்திரம் உண்டு. வெறும் கண்ணால் பார்க்க முடியாது. சிறியது, ஆனால் பயங்கர எடை. 50 ஆண்டுக்கு ஒருமுறை சிரியஸைச் சுற்றும். தொலைநோக்கி இல்லாத டோகோன்களுக்கு இது எப்படித் தெரிந்தது?

1931ல் டக்கார் முதல் ஜிபூத்தி வரை போன பிரெஞ்சுக் குழுவின் தலைவராக கிரியோல் முதன்முறை சங்காவுக்கு வந்தார். 1946ல் ஒகோதெமேலி என்ற, பார்வை இழந்த முதிய வேட்டைக்காரர் அவரை அழைத்து 33 நாள் உலகத் தோற்றத்தைப் பற்றிப் பேசினார். 1950ல் கிரியோலும் அவரோடு வேலை செய்த மானிடவியலாளர் ஜெர்மென் தியெதெர்லெனும் எழுதிய கட்டுரையில்தான் சிரியஸின் துணை 'போ தொலோ', அதாவது ஃபோனியோ நட்சத்திரம், வருகிறது. தானியங்களில் மிகச் சிறியதன் பெயர், நட்சத்திரங்களில் மிகச் சிறியதற்கு. 1976ல் வெளிவந்த ஒரு புத்தகம் இதை எடுத்துக்கொண்டு, சிரியஸிலிருந்து வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள் என்றது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். அந்தத் துணை இருக்க வேண்டுமென்று பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் கணக்குப் போட்டுச் சொன்னது 1844ல். ஆல்வன் கிரஹாம் கிளார்க் தொலைநோக்கியில் பார்த்தது 1862ல். அதன் வியப்பூட்டும் அடர்த்தி 1920களில் ஐரோப்பியப் பத்திரிகைகள் வரை வந்த விஷயம். கிரியோல் வானியலில் ஆர்வமுள்ளவர்; சிரியஸைப் பற்றித் தெரிந்துகொண்டே கேள்வி கேட்டவர்.

1991ல் வால்டர் வான் பேக் என்ற டச்சு மானிடவியலாளர் தம் ஆய்வை வெளியிட்டார். டோகோன் நாட்டில் பதினோரு ஆண்டு வேலை செய்தவர். கிரியோல் எழுதிய சிரியஸ் மரபை ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்றார். கிரியோலுக்குத் தகவல் சொன்னவர்களிடையே கூட எது அந்த நட்சத்திரம் என்பதில் ஒத்த கருத்து இல்லை. அறிஞர் ஆவலாகக் கேட்கிறார், எதிரில் இருப்பவர் மரியாதைக்கு மறுக்காமல் சேர்த்துச் சொல்கிறார், இருவரும் சேர்ந்து ஒரு புதிய புராணத்தை உண்டாக்கிவிட்டார்கள் என்பது அவர் விளக்கம். கிரியோலின் மகளும் டோகோன் மொழி ஆய்வாளருமான ஜெனெவியேவ் கலாம்-கிரியோல் இதை ஏற்கவில்லை. எனக்கு வான் பேக் சொல்வது பொருந்துகிறது. யாரும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. ஒகோதெமேலி பெரிய கதைசொல்லி, கிரியோல் நல்ல காதுள்ளவர். மூன்றாவதாக விண்கலம் எதற்கு?

அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா அடுத்து எப்போது?

சிகி. கடைசியாக 1967ல் யூகோ தோகோரு என்ற பாறை ஊரில் தொடங்கி, ஆண்டுக்கொரு பகுதியாக ஊர் ஊராக நகர்ந்து 1973ல் முடிந்தது. ழான் ரூஷ் என்ற இயக்குநர் தியெதெர்லெனோடு சேர்ந்து அதைப் படம் பிடித்தார். அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027.

சிகி மரணம் உலகுக்கு வந்த கதையை நினைவுகூரும் சடங்கு. முன்பெல்லாம் முதியவர்கள் சாகாமல் பாம்பாக மாறிவிடுவார்களாம். அப்படி மாறிய ஒருவர், வழியில் தவறு செய்த இளைஞர்களைப் பார்த்து ஆத்திரத்தில் மனித மொழியில் திட்டிவிட்டார். பாம்பு மனித மொழி பேசக்கூடாது. விதி மீறியதால் அங்கேயே செத்தார். அதுதான் முதல் சாவு. அவருக்காகப் பாம்பு வடிவில் நீண்ட பெரிய முகமூடி செதுக்கப்படும்.

நாம் படங்களில் பார்க்கும் முகமூடி ஆட்டம் பெரும்பாலும் தமா. இறந்தவர்களின் ஆவியை ஊரிலிருந்து அனுப்பிவைக்கும் சடங்கு அது. இரட்டைக் குறுக்குச் சட்டம் வைத்த கனகா, வீட்டு உயரம் நிமிரும் சிரிகே, மரக்கால் கட்டி நீர்ப்பறவை போல் நடப்பவர்கள் என்று வகைவகையாக வருவார்கள். முகமூடியை ஆடுகிறவர்களே செதுக்கிக்கொள்வார்கள்; மரச்சிலை செய்வது கொல்லர்களின் வேலை. இன்று டோகோன்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், கொஞ்சம் பேர் கிறிஸ்தவர்கள். ஆனாலும் பல ஊர்களில் தமா நடந்துவந்தது.

ஃபுலானிகளோடு என்ன சண்டை?

ஃபுலானிகள் மாடு மேய்க்கும் மக்கள். எப்போதும் சண்டையாக இருந்ததில்லை. அறுவடை முடிந்த கம்பங்கொல்லையில் ஃபுலானி மாடுகள் மேயும், சாணம் நிலத்துக்கு; பாலுக்குக் கம்பு. 1970களிலும் 80களிலும் பெரும் வறட்சி வந்தது. விளைநிலம் பெருகிப் பெருகி மேய்ச்சல் வழிகளை அடைத்தது. 2012ல் வடக்கு மாலியில் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சி 2015 வாக்கில் நடுப்பகுதிக்கு வந்தபோது, ஜிகாதிக் குழுக்கள் ஃபுலானி இளைஞர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டன. 2016ல் டோகோன் வேட்டைக்காரர்கள் டன் நா அம்பசாகு என்ற ஆயுதக் குழுவை அமைத்தார்கள். 2019 மார்ச் 23ல் ஒகோசாகு என்ற ஃபுலானி ஊரில் 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் சோபானே தா என்ற டோகோன் ஊர் எரிக்கப்பட்டு 35 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். இதை 'ஆதிகாலப் பகை' என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்; ஒரே கிணற்றில் மாறி மாறித் தண்ணீர் எடுத்தவர்கள் இவர்கள்.

போய்ப் பார்க்க முடியுமா?

இப்போது வேண்டாம். 2012க்கு முன் சங்கா, எந்தே, தெலி எல்லாம் வழிகாட்டிகளும் தங்குமிடங்களுமாகச் சுறுசுறுப்பாக இருந்த ஊர்கள். அந்த வருமானம் முழுக்க நின்றுவிட்டது.

1931 பயணக்குழு எடுத்துப்போன முகமூடிகளும் சிலைகளும் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பமாகோவில் உள்ள மாலி தேசிய அருங்காட்சியகத்தில் தெல்லம் குகைத் துணிகள் இருக்கின்றன. என்றைக்காவது பமாகோ போக வாய்த்தால் நான் முதலில் அந்தத் துணிகள் முன்னால்தான் போய் நிற்பேன்.